ஹோம் மேட்ச்னா எந்த ஊரு?

2023 நவம்பர் 19. தேதியைச் சொன்னாலே நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேருக்கு இன்னும் வயிறு எரியும். அகமதாபாத் ஃபைனல். இந்தியா 240, டிராவிஸ் ஹெட் 137. மெஸ்ல புரொஜெக்டர் போட்டு, இடமில்லாம தரையில உட்கார்ந்து, ஒட்டுமொத்த ஹாஸ்டலும் ஒரே நேரத்துல பேச்சை நிறுத்தின ராத்திரி அது.

அன்னிக்கு சாயங்காலம் ஆறரையிலிருந்து நான் மட்டும் ஒரு காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு, ஃபோனை மடியில மறைச்சு வச்சுக்கிட்டு இன்னொரு மேட்சும் பார்த்துட்டு இருந்தேன். ஸ்வீடன்ல, ஸ்டாக்ஹோம் நகரத்துல, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் மின்னசோட்டா வைல்டும் ஆடின ஐஸ் ஹாக்கி மேட்ச். நான் பார்த்த விதமும் சொல்லணும். டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிற என் பெரியம்மா பையன், தன் வீட்டு டிவிக்கு எதிரே ஃபோனைச் சாய்ச்சு வச்சு வீடியோ கால் போட்டிருந்தார். அவருக்கு அப்போ ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஓவர்டைம்ல வில்லியம் நைலாண்டர் கோல் அடிச்சு டொராண்டோ 4-3ன்னு ஜெயிச்சப்போ என்னை அறியாம "யெஸ்!"னு கத்திட்டேன். புரொஜெக்டர்ல ஆஸ்திரேலியா ஜெயிக்க இன்னும் கொஞ்சம் ரன்தான் பாக்கி. என் ரூம்மேட் அந்த "யெஸ்"ஸை இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கலை.

கனடா டீமும் அமெரிக்கா டீமும் எதுக்கு ஸ்வீடன்ல போய் ஆடணும்? அதுதான் இந்தக் கட்டுரை. ரெண்டு வருஷமா அண்ணனோட இதைப் பத்தி சண்டை போட்டுட்டு இருக்கேன், ஒரு தடவை எழுதியே பார்த்துடலாம்னு தோணிச்சு.

முதல்ல ஒரு சின்னப் பிரச்சினை. ஐஸ் ஹாக்கிக்குத் தமிழ்ல என்ன? ஹாக்கி என்றால் வளைகோல் பந்தாட்டம் என்று படித்திருக்கிறோம். 'பனி வளைகோல் பந்தாட்டம்' கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனா இதுல பந்தே கிடையாது, தட்டையான ரப்பர் வட்டுதான். அதனால ஐஸ் ஹாக்கின்னே வச்சுக்குவோம்.

என்ஹெச்எல் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 32 டீம்களின் லீக். ஒரு சீசனுக்கு ஒவ்வொரு டீமும் 82 மேட்ச் ஆடும், அதில் 41 சொந்த ஊரில். 2026-27 சீசனிலிருந்து 82 என்பது 84 ஆகப்போகுது. இந்த மேட்சுகளில் சிலதை எடுத்து ஐரோப்பாவில் வைக்கிறார்கள். கடைசியா 2025 நவம்பரில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸும் நாஷ்வில் பிரடேட்டர்ஸும் ஸ்டாக்ஹோமில் ரெண்டு மேட்ச் ஆடினாங்க. கண்காட்சி மேட்ச் இல்லை, பாயிண்ட் டேபிள்ல ஏறுகிற நிஜ மேட்ச்.

இது புதுப் பழக்கம் இல்லை. 1997 அக்டோபரில் வான்கூவர் கனக்ஸும் அனாஹைம் மைட்டி டக்ஸும் டோக்கியோவில் போய் ஆடினதுதான், வட அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் ரெகுலர் சீசன் மேட்ச். நடந்த இடம் யோயோகி அரங்கம். 1964 ஒலிம்பிக்ஸ் நீச்சல் போட்டிக்காக கென்சோ டாங்கே வடிவமைச்ச கட்டிடம். நீச்சல் குளமா இருந்த இடத்துல ஐஸ் போட்டு ஆட்டம். ரெஃப்ரிஜரேஷன் பேப்பரை மூணாவது வருஷம் தட்டுத்தடுமாறி பாஸ் பண்ணின எனக்கு இது தனி சந்தோஷம். தண்ணியில நடந்த போட்டி இருந்த இடத்துல, அதே தண்ணி கெட்டியானதும் இன்னொரு போட்டி.

அப்போ காரணம் தெளிவா இருந்தது. 1998 பிப்ரவரியில் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸ், அதில்தான் முதல் தடவையா என்ஹெச்எல் பிளேயர்களை லீக் விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்னோட்டமா டோக்கியோ. 1998லயும் டோக்கியோ போனாங்க, 2000ல பக்கத்துல சைதாமா. அதுக்கப்புறம் ஜப்பான் பக்கம் ரெகுலர் சீசன் மேட்ச் எதுவும் போகவே இல்லை. மூணு தடவை போய் வந்ததுக்கு என்ன மிச்சம்னு பார்த்தா, யுதாகா ஃபுகுஃபுஜி என்கிற கோல்கீப்பர் 2007ல லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்காக 4 மேட்ச் ஆடினார். என்ஹெச்எல்ல ஆடின முதல் ஜப்பான்காரர் அவர்தான். அவரும் அந்த மூணு விசிட்டால வந்தார்னு சொல்ல முடியாது.

சீனா கதை இன்னும் மோசம். 2017ல ஷாங்காய், பெய்ஜிங். 2018ல ஷென்ஜென், பெய்ஜிங். எல்லாமே சீசனுக்கு முந்தின பயிற்சி மேட்சுகள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் வருது, அங்கே மார்க்கெட் பிடிக்கணும்னு கணக்கு. கடைசியில கோவிட்டால சீசன் அட்டவணை குலைஞ்சு, அந்த ஒலிம்பிக்ஸுக்கே பிளேயர்களை அனுப்பலை. சரி, கோவிட்டை யார் என்ன செய்ய முடியும். ஆனா 2018 பியாங்சாங் ஒலிம்பிக்ஸுக்கு என்ன சாக்கு? சீசனை நிறுத்த முடியாதுன்னு லீக் மறுத்திருச்சு. அதே 2018 செப்டம்பர்ல ரெண்டு டீமை ஃபிளைட் ஏத்தி சீனாவுக்கு அனுப்பினாங்க. ஆசியாவில் விளையாட்டை வளர்க்கிறோம்னு சொல்றவங்க, ஆசியாவில் நடந்த ஒலிம்பிக்ஸுக்கு மட்டும் வரமாட்டாங்களாம்!

எனக்கு ரொம்பப் பிடிச்ச (அதாவது ரொம்பக் கடுப்பான) உதாரணம் மெல்போர்ன். 2023 செப்டம்பரில் ராட் லேவர் அரங்கத்தில், ஆஸ்திரேலியன் ஓபன் டென்னிஸ் நடக்கிற அதே இடத்தில், ஐஸ் போட்டு ரெண்டு பயிற்சி மேட்ச். டீம்கள் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், அரிசோனா கயோட்டீஸ். இந்த அரிசோனா டீமுக்கு அந்த நேரத்துல சொந்தமா ஒரு அரங்கமே கிடையாது. 2022லிருந்து அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டி மாணவர்களோட அரங்கத்துல, ஐயாயிரம் பேர்கூட முழுசா உட்கார முடியாத இடத்துல, ஆடிட்டு இருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, நம்ம காலேஜ் ஆடிட்டோரியத்துல ஐபிஎல் நடக்கிற மாதிரி. வீட்டுக்குக் கூரை இல்லாத டீமை, உலகத்தோட இன்னொரு மூலைக்கு விளம்பரத்துக்கு அனுப்பினாங்க. ஏழே மாசத்துல, 2024 ஏப்ரல்ல, அந்த டீம் அரிசோனாவை விட்டே போயிடுச்சு. பிளேயர்கள் எல்லாரும் சால்ட் லேக் சிட்டிக்கு. டெம்பியில அந்தச் சின்ன அரங்கத்துல கடைசி மேட்ச் முடிஞ்சும் எழுந்து போகாம நின்ன ரசிகர்கள்கிட்ட போய் "விளையாட்டை உலகம் முழுக்க வளர்க்கிறோம்"னு சொல்லிப் பாருங்க.

2007 லண்டன் கதையும் இதே வகை, கொஞ்சம் சிரிக்கலாம். அனாஹைம் டக்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸும் ஓ2 அரங்கத்துல ஆடினாங்க. கலிபோர்னியாவில் பக்கத்துப் பக்கத்து ஊர் டீம்கள், மோதிக்கிறதுக்கு லண்டன் வரை போயாச்சு. கிங்ஸ் டீமுக்குச் சொந்தக்கார கம்பெனி எது? ஏஇஜி. ஓ2 அரங்கத்தை நடத்துற கம்பெனி எது? அதே ஏஇஜி. மாப்பிள்ளையும் அவங்க ஆளு, மண்டபமும் அவங்களது.

இவ்வளவு திட்டினதைப் பார்த்து நான் வெளிநாட்டு மேட்சே கூடாதுங்கிற கட்சின்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. அண்ணன்தான் அந்தக் கட்சி. நான் ஐரோப்பாவுக்குப் போகணும்ங்கிற கட்சி.

ஏன்னா நேரம். டொராண்டோவில் ராத்திரி ஏழு மணிக்கு மேட்ச் ஆரம்பிச்சா ஸ்டாக்ஹோமில் மணி ஒண்ணு, ஹெல்சின்கியில் ரெண்டு. நமக்குக் குளிர்கால மாசங்கள்ல காலை அஞ்சரை. என்னையே எடுத்துக்கோங்க, அலாரம் வச்சு எழுந்து, யார் தூக்கமும் கெடாம பாத்ரூம் பக்கத்துல நின்னுட்டு ஸ்கோர் பார்க்கிறவன். எனக்காவது இது ஒரு பைத்தியம். ஸ்வீடன்லயும் ஃபின்லாந்துலயும் செக் நாட்டுலயும் இது ஊர் விளையாட்டு. தெருவில ஆடின பையன், பக்கத்து வீட்டுப் பையன், பதினெட்டு வயசுல அமெரிக்காவுக்குப் போயிடறான். என்ஹெச்எல் பிளேயர்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல ஐரோப்பாவில இருந்து வந்தவங்க. அவங்க ஆடுறதை அவங்க ஊர்ச் சின்னப் பசங்க பார்க்கணும்னா ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சிருக்கணும். மறுநாள் ஸ்கூல் இருக்கு. பையனை அனுப்பி வச்ச ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவன் வந்து ஆடிக் காட்டுறது நியாயம்தானே? இதை நான் வியாபாரமா பார்க்கலை, பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறதாத்தான் பார்க்கிறேன்.

அன்னிக்கு ஸ்டாக்ஹோமில் கோல் அடிச்ச நைலாண்டர் ஸ்வீடன்காரர். அப்பா கல்கரிக்காக ஆடிட்டிருந்ததால பிறந்தது மட்டும் கனடா. அந்த கோலுக்கு அரங்கமே எழுந்து நின்ன சத்தம், அண்ணனோட டிவி வழியா, அவரோட ஃபோன் வழியா, என் ஒத்தை இயர்போன் வழியா வந்தும்கூட உடம்பு சிலிர்த்தது.

இன்னொண்ணு சொல்றேன். 2018 அக்டோபர்ல எட்மண்டன் ஆயிலர்ஸ் டீம் ஜெர்மனியில் கொலோன் நகரத்து டீமான கோல்னர் ஹாயோட பயிற்சி மேட்ச் ஆடிச்சு. எட்மண்டனோட ஸ்டார் லியான் டிரைசைட்ல் கொலோன்ல பிறந்தவர். எதிர் டீமோட கோச் பீட்டர் டிரைசைட்ல், அவரோட அப்பா. மகன் இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம். இதை எந்த மார்க்கெட்டிங் டீமும் பவர்பாயிண்ட்ல உட்கார்ந்து தயாரிக்க முடியாது.

சரி, அண்ணன் பக்கத்து நியாயத்துக்கு வர்றேன். அவர் சொல்றது ஒரே வரி: "உனக்கென்னடா, உன் ஊர் மேட்ச் போகலையே!"

அண்ணே, போயிருக்கு. 2018, காவிரிப் போராட்டம் நடந்த ஏப்ரல். ரெண்டு வருஷத் தடைக்கு அப்புறம் சிஎஸ்கே திரும்பி வந்த சீசன். சேப்பாக்கத்துல ஒரு மேட்ச்தான் நடந்தது, மீதி ஆறு ஹோம் மேட்சும் புனேவுக்குப் போச்சு. நான் அப்போ எட்டாவது. அப்பா ஆபீஸ்ல பெர்மிஷன் போட்டு வரிசையில நின்னு வாங்கின ரெண்டு டிக்கெட். வாழ்க்கையில முதல் தடவையா ஸ்டேடியத்துக்குப் போறதா இருந்தேன். காசு திரும்பி வந்தது, அந்த வயசுல காசு திரும்பி வர்றதுக்கு என்ன அர்த்தம் இருக்கு? அதுல நான் யாரையும் குறை சொல்லலை, ஊர் நிலைமை அப்படி. ஸ்பெஷல் ட்ரெயின் பிடிச்சு சுமார் ஆயிரம் பேர் மஞ்சள் சட்டையோட புனே வரைக்கும் போனாங்க, 'விசில் போடு எக்ஸ்பிரஸ்'னு பேர் வச்சு. எங்க வீட்ல அதுக்கெல்லாம் வாய்ப்பில்லை. அந்த வருஷம் கப் ஜெயிச்சோம். இருந்தாலும் அந்த ஆறு மேட்சும் எங்க ஊர் மேட்ச் இல்லைங்கிற ஒரு சின்ன முள் எனக்கு இன்னும் இருக்கு.

அதனால அண்ணன் வலி எனக்குப் புரியும். ஆனா கணக்கும் பார்க்கணும். சிஎஸ்கேவுக்கு ஏழு ஹோம் மேட்ச்ல ஆறு போச்சு. அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒரு டீமுக்கு எட்டோ ஒன்பதோதான் ஹோம் மேட்ச், அதுல ஒண்ணை லண்டனுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. அது பெரிய வெட்டு. ஐஸ் ஹாக்கியில 41ல ஒண்ணு. தாங்கக்கூடியதுதான். ஒரே நிபந்தனை, சீசன் டிக்கெட் எடுத்தவங்களுக்கு அந்த மேட்ச்சோட காசைக் கழிச்சுக் கொடுக்கணும், அதே டீமை அடுத்த அஞ்சு வருஷத்துக்குத் தொடக்கூடாது. இதை அண்ணன்கிட்ட சொன்னப்போ, "பனியில பார்க்கிங் தேடாம, பல்லு விளக்காம சோஃபாவுல உட்கார்ந்து மேட்ச் பார்த்தது நல்லாத்தான் இருந்தது"ன்னு கொஞ்சம் இறங்கி வந்தார். 1967க்கு அப்புறம் ஒரு கப் ஜெயிக்காத டீமோட ரசிகர். இறங்கி வர்றது அவருக்குப் பழக்கம்தான்.

பிளேயர்களோட உடம்பு பத்தியும் ஒரு வார்த்தை. ஆறு மணி நேர வித்தியாசம், அட்லாண்டிக் தாண்டி ஃபிளைட். அதுக்காக முன்னாடியும் பின்னாடியும் ஓய்வு நாள் கொடுக்கிறாங்க. 2023ல டொராண்டோ நவம்பர் 11க்கு அப்புறம் 24 வரைக்கும் ஆடினது அந்த ரெண்டு மேட்ச்தான். கேட்க நல்லா இருக்கு. ஆனா சீசன் நீளம் அதேதான், 82 மேட்சும் அதுக்குள்ளேதான். நவம்பர்ல விட்ட நாளெல்லாம் பிப்ரவரியில, மார்ச்ல அடுத்தடுத்த ராத்திரி மேட்சா வந்து நிக்கும். ஸ்டடி ஹாலிடேஸ் விட்டுட்டு அஞ்சு பரீட்சையை ஆறு நாள்ல வைக்கிற டைம்டேபிள் மாதிரிதான் இது. நமக்குத் தெரியாததா.

என் ரூம்மேட் (ஆமாம், அதே ஆள்) இதையெல்லாம் கேட்டுட்டு, "மச்சான், எல்லாம் பிசினஸ், இதுல நியாயம் பேசிட்டு இருக்க"ன்னான். பிசினஸ்தான். ஆனா பிசினஸையும் ரசிகர்களும் பிளேயர்களும் சேர்ந்தா நிறுத்த முடியும். 2025 டிசம்பர்ல பார்சிலோனா, வில்லாரியல் கால்பந்து மேட்சை மியாமியில வைக்கிறதா லா லீகா அறிவிச்சது. அக்டோபர்ல ஸ்பெயின் முழுக்க, மேட்ச் ஆரம்பிச்சதும் முதல் பதினஞ்சு விநாடி பிளேயர்கள் ஆடாம அப்படியே நின்னாங்க. சில நாள்லயே மியாமி திட்டம் ரத்து. அவன் பதில் சொல்லாம ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டான்.

எனக்கு வேற மாதிரி ஒரு ஆசை இருக்கு. ரெண்டு அமெரிக்க டீம் போய், அவங்களுக்குள்ளேயே ஆடிட்டு, டிக்கெட்டை வித்துட்டு, பெட்டியைக் கட்டிட்டு வர்றது எனக்கு அரை விருந்து மாதிரிதான் படுது. போன ஊர் டீமோட ஆடுங்க. 2009 செப்டம்பர்ல ஜூரிச் நகரத்து டீம் இசட்எஸ்சி லயன்ஸ், சிகாகோ பிளாக்ஹாக்ஸை 2-1ன்னு தோற்கடிச்சது. விக்டோரியா கப்னு ஒரு போட்டி, இப்போ அந்தப் போட்டியே இல்லை. அந்த பிளாக்ஹாக்ஸ் அடுத்த வருஷம் ஸ்டான்லி கப் ஜெயிச்சாங்க! 2019ல லோசான் டீம், பிலடெல்பியா ஃபிளையர்ஸை 4-3ன்னு வீழ்த்திச்சு. இந்த மாதிரி ஒரு ராத்திரியை ஒரு சின்ன ஊர் எத்தனை வருஷம் பேசும்? பயிற்சி மேட்ச்தானே, அமெரிக்க டீம் சீரியஸா ஆடலைன்னு சொல்வாங்க. சரி, அப்போ சீரியஸா ஆடுற மாதிரி ஒரு கப் வைங்க, தோத்தா வலிக்கிற மாதிரி. லீக் அதைச் செய்யாததுக்குக் காரணம் எனக்கு ஒண்ணுதான் தோணுது. ரெண்டு பக்கமும் நம்ம டீமா இருந்தா யார் தோத்தாலும் நமக்கு நஷ்டமில்லை.

விளையாட்டை வளர்க்கிறதுன்னா என்னன்னு கேட்டா, நான் டோக்கியோவையோ மெல்போர்னையோ காட்ட மாட்டேன். நம்ம நாட்டுலயே லடாக் இருக்கு. குளத்துலயும் திறந்தவெளி மைதானத்துலயும் குளிர்காலத்துல தானா உறையுற ஐஸ்ல, சில வாரம் மட்டும் ஆடிப் பழகின பொண்ணுங்க, 2025ல ஐக்கிய அரபு அமீரகத்துல நடந்த ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கினாங்க. இந்தச் செய்தி நம்ம குரூப்ல ஒருத்தரும் ஷேர் பண்ணலை, நானும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன். 2018 தொடக்கத்துல கனடாவோட ஹெய்லி விக்கன்ஹைசர், நாலு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர், ஹாக்கி சாமான்களோட லடாக் வந்து அங்கே பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். இப்போ அவர் அண்ணனோட லீஃப்ஸ் டீம் நிர்வாகத்துல இருக்கார். ரெண்டு மேட்சுக்காக ஒரு டென்னிஸ் அரங்கத்துல ஐஸ் போட்டு, முடிஞ்சதும் உருக்கி சாக்கடையில விடுற செலவுல ஒரு பங்கு போதும். லேவுல ஒரு சில்லர் பிளாண்ட் கூடுதலா வருஷத்துல சில மாசம் ஓடும். கிளைகால், பம்ப், கம்ப்ரசர், தரைக்கு அடியில பைப். அதுவும் லடாக் குளிர்ல அந்த பிளாண்டுக்கு வேலை நம்ம ஊரைவிட எவ்வளவோ கம்மி. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இதைத்தான் எடுக்கலாம்னு கைடுகிட்ட கேட்டேன். "சென்னையில ஐஸ் ஹாக்கியா?"ன்னு ஒரு பார்வை பார்த்துட்டு சோலார் ட்ரையரைக் கொடுத்துட்டார்.

இந்தக் கட்டுரையை அண்ணனுக்கு அனுப்பினேன். தமிழ்ல படிக்க அவருக்கு மூணு நாள் ஆச்சாம். "மெல்போர்ன் பத்தி எழுதினது சரி. ஐரோப்பா பத்தி எழுதினது பாதி சரி. அஞ்சு வருஷம் இல்லை, பத்து வருஷம்னு மாத்து"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார். மாத்த மாட்டேன். நாளைக்கு அஞ்சரைக்கு லீஃப்ஸ் மேட்ச் இருக்கு, அப்போ மிச்சச் சண்டையைப் பார்த்துக்கலாம்.